பிள்ளையின் கைத்தொலைபேசியைத் திறந்து பார்க்கலாமா?

சென்ற தவணையில் பெற்றோர் கூட்டம் முடிந்து, மாணவர்கள் கதிரைகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில் ஒரு தாய் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். அவரது மகள் தரம் 10இல் படிக்கிறாள். "மௌலவி, ஒண்டு கேக்கணும். மகள் நித்திரையான பிறகு அவட போன எடுத்துப் பாக்கிறன். மார்க்கத்தில அது ஆகுமா?" என்றார்.

சிறிய கேள்விதான். மௌலவி ஆசிரியராகக் கடமையாற்றும் இத்தனை வருடங்களில் இதே கேள்வியைப் பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். நானும் ஒரு கணமேனும் யோசியாமல், "தாராளமாகப் பாருங்கள், நீங்கள்தானே பொறுப்புதாரி" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். மனிதர் ஒவ்வொருவரையும் மேய்ப்பாளருக்கு ஒப்பிட்டு, தன் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி அவர் கேட்கப்படுவார் என எச்சரிக்கும் நபிமொழி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அதை ஆதாரமாகவும் காட்டுவேன். ஆனால் அன்று அந்தத் தாய்க்கு முன்னால் எனக்கு வாய் எழவில்லை. "அடுத்த கிழமை வாங்க, ஆறுதலாகக் கதைப்போம்" என்று அனுப்பிவிட்டேன். ஒரு வருடத்துக்கு முன் எனது சொந்த வீட்டில் நடந்த சங்கதிதான் அதற்குக் காரணம்.

இதை எழுதுவதற்கு என் மகளிடமும், இதில் வரும் இன்னொரு பிள்ளையிடமும் அனுமதி கேட்டேன். இருவரும் சம்மதித்தார்கள். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்குள் கைத்தொலைபேசி பிள்ளையின் கைக்கு வந்தது நாமாகக் கொடுத்ததால்தான். 2020 மார்ச் மாதத்தில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது மகள் சின்னப் பிள்ளை. பாடக் குறிப்புகள் வட்ஸ்அப்பில் வந்தன. வகுப்பு சூமில் நடந்தது. முதலில் உம்மாவின் போன். பிறகு அது போதாமல், நகைக் கடையில் ஒரு மோதிரத்தை வைத்து ஒரு போன் வாங்கினோம். நம்மில் எத்தனையோ குடும்பங்கள் அப்படித்தான் வாங்கின. கொரோனா போய்விட்டது, பாடசாலைகளும் திறந்துவிட்டன, போன் மட்டும் திரும்பிப் போகவில்லை. பிரத்தியேக வகுப்பு நேரம் மாறினாலும் வட்ஸ்அப் குழுவில்தான் அறிவிக்கிறார்கள், மாதிரி வினாத்தாளும் அதில்தான் வருகிறது. "போனைப் பறித்து அலுமாரியில் வையுங்கள்" என்று சொல்லும் பெரியவர்கள், சாதாரண தரப் பரீட்சைக்குப் பிள்ளை வைத்திருப்பவர்கள் அல்லர்.

மகளுக்குப் பதினைந்து வயதானபோது என் மனதில் ஒரு புழு நெளியத் தொடங்கியது. நான் அறைக்குள் போனால் அவள் போனைக் கவிழ்த்து வைப்பாள். தனியே சிரிப்பாள். என்ன என்று கேட்டால், "ஒண்டுமில்ல வாப்பா." இந்த "ஒண்டுமில்ல" என்ற சொல்லுக்கு உலகத்தில் உள்ள எல்லா அர்த்தங்களையும் ஒரு தகப்பனால் கற்பனை செய்ய முடியும்.

எனக்கு வழி காட்டியவர் எங்கள் ஆசிரியர் அறை நண்பர் ஒருவர். வட்ஸ்அப்பை இன்னொரு கணினியோடு இணைக்கும் வசதி இருக்கிறது, ஒருமுறை இணைத்துவிட்டால் அங்கு வருவதெல்லாம் இங்கும் வரும் என்றார். ஒரு வெள்ளிக்கிழமை காலை மகள் குளிக்கப் போயிருந்த பத்து நிமிடத்தில், அவளது போனை எடுத்து எனது மடிக்கணினியோடு இணைத்துவிட்டேன். கை நடுங்கியது உண்மை. அன்று ஜும்ஆவுக்குக் குளித்து, அத்தர் பூசிக்கொண்டு போனதும் உண்மை.

இருபது நாட்கள் வாசித்தேன். என்ன கண்டேன் என்று கேட்டால் வெட்கமாக இருக்கிறது. விஞ்ஞானப் பாடக் குறிப்புகள். "நாளைக்கு என்ன கறி" என்ற விசாரணை. வட்டலப்பம் இறுகாமல் போனதற்கான காரணங்கள். பெருநாள் உடுப்பின் படங்கள். ஆசிரியர்களைப் பற்றிய கேலி. அதில் ஒன்று, மதிய நேரத்தில் ஆசிரியர் அறைக் கதிரையில் வாயைத் திறந்தபடி உறங்கும் ஒருவரின் ஸ்டிக்கர். யாரென்று உற்றுப் பார்த்தால் அது நான். எவளோ ஒரு கெட்டிக்காரி யன்னலால் எடுத்திருக்கிறாள். அந்த ஸ்டிக்கர் என் மகளின் வகுப்பில் "களைப்பா இருக்கு" என்பதற்குப் பதிலாகப் பாவிக்கப்பட்டு வந்தது. எனது மகளே அதை இரண்டு தடவை அனுப்பியிருந்தாள். கோபமும் வந்தது, சிரிப்பும் வந்தது. இரண்டையும் யாரிடமும் காட்ட முடியவில்லை. திருட்டுத்தனமாகக் கண்டதற்கு எப்படிச் சிரிப்பது?

பதினாறாம் நாள் என்று நினைக்கிறேன். மகளின் தோழி ஒருத்தி இரவு பதினொரு மணிக்கு எழுதியிருந்தாள். அவள் எங்கள் பாடசாலைப் பிள்ளைதான், என்னிடம் இஸ்லாம் பாடம் படித்தவள். ஒரு பையன் அவளது முகத்தை வேறொரு படத்தோடு ஒட்டி அவளுக்கே அனுப்பியிருக்கிறான். பணம் தராவிட்டால் ஊருக்கெல்லாம் அனுப்புவேன் என்று பயமுறுத்துகிறான். என் மகள், "உம்மாட்ட சொல்லு" என்று எழுதியிருந்தாள். "சொன்னா படிப்ப நிப்பாட்டி மாப்பிள்ளை பாப்பாங்க" என்று பதில் வந்திருந்தது. அதற்குக் கீழே என் மகள் எழுதிய வசனத்தை என்னால் மறக்க முடியாது. "நான் எங்கட உம்மாட்ட பேர் சொல்லாமக் கேட்டுப் பாக்கிறன். யாருக்கும் சொல்ல மாட்டன், இது அமானத்."

பாருங்கள், சகோதரிகளே. என் பிள்ளை செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்யத்தான் இருந்தாள். தாயிடம் வரவிருந்தாள். எனக்குத்தான் என்ன செய்வதென்று தெரியவில்லை. அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனால், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். மகளிடம் கேட்டால் களவு வெளிப்படும். இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் மனைவியிடம் சொன்னேன். அவர் பத்து நிமிடம் பேசவில்லை. பிறகு, "நீங்க நம்மட புள்ளைட போன மட்டும் பாக்கல்ல. ஊரில உள்ள அத்தின புள்ளைகள்ட கதையையும் வாசிச்சிருக்கீங்க. அதுகள்ட உம்மாமாரிட்ட கேட்டீங்களா?" என்றார்.

எனக்கு அது உறைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பிள்ளையின் போனைப் பார்ப்பது பற்றி இத்தனை பேருக்குப் பதில் சொன்ன நான், கடிதம் என்பது எழுதியவருக்கும் சொந்தம் என்பதை ஒருமுறைகூட யோசித்திருக்கவில்லை.

மனைவி மகளிடம் பக்குவமாகக் கதை எடுக்க முனைந்த அதே நாளில், மகள் தனது போனில் இணைக்கப்பட்டிருந்த கணினியைக் கண்டுவிட்டாள். எந்தெந்தக் கருவிகள் இணைக்கப்பட்டிருக்கின்றன என்பது அதிலேயே ஒரு பட்டியலாகக் கிடக்கும். அவள் இணைப்பை வெட்டிவிட்டாள். சத்தம் போடவில்லை. சாப்பிட்டாள், தொழுதாள், வகுப்புக்குப் போனாள். ஆனால் வீட்டில் ஒருவரோடும் கதைக்கவில்லை. உம்மாவிடம் கேட்க வைத்திருந்த கேள்வியையும் கேட்கவில்லை. உம்மாவும் இதில் கூட்டு என்று நினைத்திருக்கிறாள்.

நான்கு நாட்கள் அப்படிப் போயின. ஐந்தாம் நாள் மஃரிபுக்குப் பிறகு என் முன்னால் வந்து நின்றாள். "வாப்பா, அவட மெசேஜையும் வாசிச்சீங்களா?"

"ஓம் மகள்."

"நான் அமானத் எண்டு சொன்ன வாப்பா." அதற்கு மேல் அவளால் பேச முடியவில்லை.

அந்த நாட்களுக்குள் மற்றப் பிள்ளை தன் காதில் கிடந்த ஒரு சோடிக் கம்மலைக் கழற்றிக் கொடுத்துவிட்டாள். வீட்டில் தொலைந்துபோனது என்று பொய் சொல்லி அடியும் வாங்கியிருக்கிறாள். நான் வாசித்த அன்று அவள் காதில் அது இருந்தது. நான் வாசிக்காமலே இருந்திருந்தால், மறுநாள் என் மகள் தன் உம்மாவிடம் கேட்டிருப்பாள். இந்தக் கணக்கை நான் பல இரவுகள் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன்.

பிறகு நடந்ததெல்லாம் பெண்கள் செய்த வேலை. என் மனைவி மகளிடம் மன்னிப்புக் கேட்டு, அவள் மூலம் தோழியின் சம்மதத்தைப் பெற்று, அந்தத் தாயைத் தனியே சந்தித்தார். அந்தத் தாய் படிப்பை நிறுத்தவில்லை. நாம் எல்லோரும் பயந்தது போல் ஒன்றும் நடக்கவில்லை. வந்த செய்திகளை அழிக்காமல் படம் பிடித்து வைத்துக்கொண்டு பொலிஸ் சிறுவர், மகளிர் பிரிவுக்குப் போனார்கள். இதற்கென 109 என்ற பொலிஸ் இலக்கமும், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 என்ற இலக்கமும் இருக்கின்றன. தாய்மார் இவ்விரண்டையும் குசினிச் சுவரில் எழுதி வைத்தால் நல்லது. பயத்தில் செய்திகளை அழித்துவிடுவதுதான் நம்மவர்கள் செய்யும் முதல் தவறு. பணமோ நகையோ கொடுத்தால் ஆசாமி போய்விடுவான் என்று நம்புவது அடுத்தது. கொடுத்தவரிடம்தான் அவன் திரும்பவும் வருவான். கம்மல் திரும்பி வரவில்லை. படமும் இதுவரை எங்கும் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அந்தப் பையனுக்கு வயது பதினேழு. அவனது பெற்றோர் தொழுகை, நோன்பு உள்ள நல்ல மனிதர்கள். இரவு இரண்டு மணிவரை அவன் போனோடு இருப்பது அவர்களுக்குத் தெரியும். யாரும் ஒன்றும் கேட்டதில்லை, ஏனென்றால் அவன் ஆண் பிள்ளை. இதைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. இத்தனை வருடத்தில் "மகளின் போனைப் பார்க்கலாமா" என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். "மகனின் போனைப் பார்க்கலாமா" என்று கேட்டவர்களை எண்ண ஒரு கை விரல்களே அதிகம்.

இந்தச் சம்பவத்துக்குப் பிறகு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வருவது எனது ஓதும் காலம். 1993இல் ஓர் அரபுக் கல்லூரியில் என்னைச் சேர்த்தபோது எனக்குப் பதினான்கு வயது. கல்முனைப் பக்கத்து ஊரிலிருந்து அம்பாறை, மஹியங்கனை வழியாக பஸ் ஏறி, வழியெல்லாம் சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறிப் போகவேண்டிய யுத்த காலம். வீட்டோடு இருந்த தொடர்பு கடிதம் ஒன்றுதான். எங்கள் விடுதியில் ஒரு சட்டம் இருந்தது. கடித உறையை ஒட்டாமல் உஸ்தாதிடம் கொடுக்க வேண்டும். அவர் வாசித்துவிட்டு ஒட்டி அனுப்புவார். அவர் கெட்டவர் அல்லர். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைகளுக்குத் தன் கையால் கஞ்சி பருக்கிய மனிதர். பிள்ளைகள் வீட்டு நினைவில் ஓடிப்போய் வழியில் அகப்பட்டுவிடக் கூடாது என்ற பயத்தில்தான் அப்படிச் செய்தார்.

எனக்கு அந்த வருடம் செங்கமாரி வந்தது. மூன்று வாரம் பாயோடு கிடந்தேன். உம்மா வேண்டும் என்று அழுகை வரும். கடிதத்தில் மட்டும், "நான் நல்ல சுகம், ஓதல் நன்றாக நடக்கிறது, துஆச் செய்யவும்" என்று எழுதினேன். வாசிக்கப்போகும் கண்ணுக்காக எழுதிய கடிதம் அது. உம்மா அதை ஊரெல்லாம் காட்டிச் சந்தோஷப்பட்டிருக்கிறார். றமழான் விடுமுறைக்கு நான் எலும்பும் தோலுமாக வீட்டு வாசலில் வந்து நின்றபோதுதான் அவருக்கு விஷயம் தெரியும். கிணற்றடியில் உட்கார்ந்து அழுதார். "ஏன்டா மகன் எழுதல்ல" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

உண்மையில் ஒளித்து எழுத வேண்டிய கடிதம் வைத்திருந்த மாணவர் இருவர் எங்களோடு இருந்தனர். அவர்களுக்கு அந்தச் சட்டம் ஒரு பொருட்டே இல்லை. காலையில் பாண் கொண்டுவரும் சைக்கிள்காரர் அவர்களது தபாற்காரர். இன்று அந்தப் பாண்காரரின் வேலையைப் போனே பார்க்கிறது. இரண்டாவது கணக்கு ஒன்றைத் திறந்துகொள்ளலாம். தானாக மறைந்துபோகும் செய்திகள் வட்ஸ்அப்பில் 2020 முதல் உண்டு. தனிப்பட்ட உரையாடலைப் பூட்டி மறைக்கும் வசதி 2023இல் வந்தது. ஒளிக்க நினைக்கும் பிள்ளை உம்மாவை விடக் கெட்டிக்காரப் பிள்ளை. இரவில் போனை எடுத்துப் பார்க்கும் தாய்க்கு அகப்படுவது, ஒளிக்கத் தெரியாத பிள்ளையின் வட்டலப்பக் கதைதான்.

இனி, மார்க்கம் என்ன சொல்கிறது? சூரத்துல் ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் துருவித் துருவி உளவு பார்ப்பதைத் தடுத்திருக்கிறது. சந்தேகத்தையும் புறம் பேசுவதையும் தடுக்கும் அதே வசனம். இதை நான் வகுப்பில் எத்தனையோ முறை பாடம் நடத்தியிருக்கிறேன், அது அடுத்த வீட்டாருக்குச் சொன்னது என்ற நினைப்பில். சுவர்த் துவாரத்தால் நபி (ஸல்) அவர்களின் அறைக்குள் எட்டிப் பார்த்த ஒருவரைக் கண்டித்து, அனுமதி கேட்கும் சட்டமே பார்வையின் காரணமாக வந்ததுதான் என்று அவர்கள் விளக்கியது ஸஹ்ல் பின் ஸஃத் (ரழி) மூலம் புகாரியில் பதிவாகியிருக்கிறது. இமாம் புகாரியின் அல்அதபுல் முஃப்ரதில் ஒரு மனிதன் தன் தாயிடம் மட்டுமல்ல, தன் பிள்ளையிடம் நுழையும்போதும் அனுமதி கேட்க வேண்டும் என ஜாபிர் (ரழி) அவர்களின் கூற்றாக ஒரு செய்தி வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடரில் பேச்சு உண்டு என்பதை ஒரு மௌலவியாகச் சொல்லி வைக்கிறேன். ஆயினும் வாப்பாவும் கதவைத் தட்ட வேண்டும் என்ற எண்ணம் நம் முன்னோருக்குப் புதிதல்ல என்பது அதிலிருந்து விளங்கும்.

அப்படியானால் பார்க்கவே கூடாதா? மேய்ப்பாளர் ஹதீஸை எங்கே வைப்பது? நமது ஷாபிஈ மத்ஹபின் பெரும் அறிஞர், ஹிஜ்ரி 450இல் மறைந்த இமாம் மாவர்தி, தமது அல்அஹ்காமுஸ் ஸுல்தானிய்யாவில் ஓர் அளவுகோல் தந்திருக்கிறார். தீமையைத் தடுக்கும் பொறுப்புள்ள அதிகாரி மறைவாக நடப்பவற்றைத் துருவக் கூடாது. ஆனால் பின்னர் திருத்த முடியாத ஒரு கேடு நடக்கப்போகிறது என்று நம்பகமானவர் மூலம் தெரியவந்தால், உதாரணமாக ஓர் உயிர் போகப்போகிறது என்றால், அப்போது துருவிப் பார்க்கலாம். அதற்குக் குறைந்த விடயத்துக்குக் கூடாது. அவர் பேசியது ஆட்சி அதிகாரியைப் பற்றி. தாய் தகப்பனின் பொறுப்பு அதைவிடக் கூடியது, பிள்ளையும் சிறுபிள்ளை என்பதை நான் ஏற்கிறேன். இருந்தாலும் என் மகளின் சிரிப்பு, திருத்த முடியாத கேட்டின் அடையாளமா என்று அன்று என்னையே நான் கேட்டிருந்தால், அந்த வெள்ளிக்கிழமை போனைத் தொட்டிருக்க மாட்டேன்.

பெற்றோரின் பயத்தையும் நான் அற்பமாக நினைக்கவில்லை. நம் நாட்டில் 2018இல் திகன சம்பவங்களின்போதும், 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின்னரும் வட்ஸ்அப்பிலும் பேஸ்புக்கிலும் பரவிய பொய்கள் என்ன செய்தன என்பதை நாம் கண்டோம். பிள்ளை ஒரு படத்தை யோசியாமல் பகிர்ந்தால் வீடு முழுக்கத் தலையில் கை வைக்க வேண்டி வரும் என்ற அச்சம் ஒவ்வொரு முஸ்லிம் குடும்பத்திலும் இருந்தது. அந்த அச்சத்தைப் பிள்ளைக்கு வெளிப்படையாகச் சொல்லலாம். பிள்ளைக்கு விளங்கும்.

அடுத்த கிழமை அந்தத் தாய் மறக்காமல் வந்தார். மேலே எழுதியதில் பாதியை அவரிடம் சொன்னேன். பத்து வயதுப் பிள்ளையின் போனை உங்கள் போன் போலப் பாருங்கள், அதில் பேச்சில்லை என்றேன். இந்த நிறுவனங்களே 13 வயதுக்குக் கீழே கணக்குத் தருவதில்லை என்றுதான் சொல்கின்றன. அவுஸ்திரேலியாவில் 2025 டிசம்பர் 10 முதல் பேஸ்புக், டிக்டொக் போன்றவற்றில் 16 வயதுக்குட்பட்டவர்கள் கணக்கு வைத்திருக்கச் சட்டமே தடை போட்டிருக்கிறது. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு வேறு வழி. எல்லோரது போனும் இரவு பத்து மணிக்கு நடு வீட்டில் சார்ஜில் இருக்கட்டும். வாப்பாவின் போனும், நானாவின் போனும் சேர்த்துத்தான். பார்ப்பதாக இருந்தால் சொல்லிவிட்டு, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள், தோழிகளின் பகுதிக்குள் போகாதீர்கள். பிள்ளை சாப்பிடாமல் கிடந்தால், போன் சத்தம் கேட்டு வெருண்டால், வீட்டில் காசு, நகை குறைந்தால், அது வேறு. அப்போது பிள்ளை கோபித்தாலும் பார்க்க வேண்டியதுதான், அப்போதும் ஒளித்தல்ல. முதலில் கேளுங்கள்.

"கேட்டா சொல்லுமா மௌலவி?" என்றார் அவர்.

"முதல் நாள் சொல்லாது" என்றேன். என் மகள் மீண்டும் என்னோடு பழையபடி கதைக்க ஏழெட்டு மாதங்கள் சென்றன. இன்றும் சில வேளைகளில் நான் போகும்போது போனைக் கவிழ்த்து வைக்கிறாள். நான் கேட்பதில்லை. சென்ற மாதம் எனது வட்ஸ்அப்புக்கு ஒரு ஸ்டிக்கர் வந்தது. வாய் திறந்து உறங்கும் அதே மௌலவி. அனுப்பியவள் மகள்.

அந்தத் தாய் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "அப்ப பெரியவன்ட போனையும் நடு வீட்டிலதான் வெக்கணும், என்ன மௌலவி?" என்று கேட்டார். "அவர்டதத்தான் முதலாவது" என்றேன். "வாப்பாட போன எப்பிடி வாங்கிறண்டுதான் தெரியல்ல" என்று சிரித்துக்கொண்டே போனார்.